ஜெர்மனியில் நண்பர் வீட்டுக்கு விடுமுறை: குடும்பத்தோடு முதல்முறை வருவோருக்கு

நான் ஸ்டுட்கார்ட் பக்கம் குடியிருக்கிறேன். கோடை வந்தால் சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ ஏதாவது ஒரு நண்பர் குடும்பம் எங்கள் வீட்டுக்கு வரும். புறப்படுவதற்கு முன் அவர்கள் கேட்கும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருப்பதால், வாட்ஸப்பில் துண்டு துண்டாகச் சொல்லிவந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

ஹோட்டலில் தங்கி ஊர் சுற்றுவது வேறு, நண்பர் வீட்டில் தங்குவது வேறு. அறை வாடகை மிச்சம்தான். ஆனால் உங்கள் திட்டம் இன்னொரு குடும்பத்தின் வேலை, பள்ளி, மாடிவீட்டார், கீழ்வீட்டார் எல்லாவற்றோடும் ஒத்துப்போக வேண்டும். கீழே சொல்வதில் பாதி இதைச் சுற்றியதுதான்.

1. தேதி: நண்பரைக் கேட்டுக் குறியுங்கள்

தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு மே மாதம் விடுமுறை. ஜெர்மனிக்கும் அது நல்ல மாதம். பகலில் 15 முதல் 20 டிகிரி இருக்கும், இரவு ஒன்பது மணிவரை வெளிச்சம் இருக்கும், செஸ்ட்நட் மரங்கள் பூத்து நிற்கும். ஆனால் மே 11 முதல் 15 வரை குளிர் ஒருமுறை திரும்பி வரும் என்பது இங்குள்ளவர்களின் பழைய நம்பிக்கை. அந்த நாட்கள் தாண்டிய பிறகே தக்காளி நாற்றை வெளியே நடுவார்கள். ஆளுக்கொரு ஜாக்கெட் கட்டாயம்.

சிக்கல் என்னவென்றால், உங்கள் பிள்ளைகளுக்கு விடுமுறை என்பதால் நண்பரின் பிள்ளைகளுக்கும் விடுமுறை என்று ஆகிவிடாது. பள்ளி விடுமுறை இங்கே மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஸ்டுட்கார்ட் இருக்கும் பாடன்-வுர்ட்டெம்பெர்கில் கோடை விடுமுறையே ஜூலைக் கடைசியில்தான் தொடங்கும். மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் பெந்தகொஸ்தே விடுமுறை இரண்டு வாரம் வரும். அதற்கு வெளியே பிள்ளையை மட்டம் போடவைத்து உங்களோடு அழைத்து வர முடியாது, அபராதம் வரை போகும். அலுவலக விடுப்பையும் பெரும்பாலானோர் ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். ஆகவே டிசம்பர், ஜனவரியிலேயே பேசிவிடுங்கள்.

ஒரு சின்ன உபாயம். மே 1 அரசு விடுமுறை. ஈஸ்டருக்குப் பின் 39ஆம் நாளான இயேசு விண்ணேற்ற நாள் எப்போதும் வியாழக்கிழமையில்தான் வரும். நடுவில் உள்ள வெள்ளியை மட்டும் விடுப்பு எடுத்தால் நண்பருக்கு நான்கு நாள் கிடைக்கும். அந்த நான்கு நாளை ஒட்டி உங்கள் வருகையை வைத்துக்கொள்ளுங்கள். அதே நாட்களில் நாடே கிளம்பும், ரயிலில் கூட்டம் பொங்கும் என்பதும் உண்மை.

எத்தனை நாள்? இரண்டு வாரம் போதும் என்பேன். அதிலும் நடுவே மூன்று நான்கு இரவு வேறு ஊரில் உங்கள் செலவில் தங்கிவிட்டு வாருங்கள். யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். இரு வீட்டாருக்கும் அது நல்லது.

2. விசா

வேண்டியது குறுகிய கால ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா. எந்த 180 நாளிலும் 90 நாள் வரை தங்கலாம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்னதாகவாவது கொடுத்திருக்க வேண்டும். மே மாதப் பயணத்துக்கு ஏப்ரலில் அப்பாயின்ட்மென்ட் தேடுவது வீண் பதற்றம். ஜனவரி, பிப்ரவரியில் முடித்துவிடுங்கள். படிவத்தை ஆன்லைனில் நிரப்பி அச்சிட்டு, வி.எஃப்.எஸ். மையத்தில் நேரில் கொடுக்க வேண்டும். முடிவு செய்வது ஜெர்மன் தூதரகத் தரப்புதான், வி.எஃப்.எஸ். வெறும் வாங்கி அனுப்பும் இடம்.

கட்டணம் 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கு 90 யூரோ. ஆறு வயது முடிந்து 12 நிறையாத பிள்ளைகளுக்கு 45 யூரோ. ஆறுக்குக் கீழே இல்லை. வி.எஃப்.எஸ். சேவைக் கட்டணம் தனி. கைரேகை 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளிடம் எடுப்பதில்லை.

பாஸ்போர்ட் கடந்த பத்தாண்டுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும், ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பின் மூன்று மாதமாவது செல்லுபடியாக வேண்டும், இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும். குழந்தைகளின் பாஸ்போர்ட் ஐந்தாண்டுதான் என்பதால் பலரும் அங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். முதலில் அதை எடுத்துப் பாருங்கள். மருத்துவக் காப்பீடு ஷெங்கன் நாடுகள் முழுவதற்கும் குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். சம்பளச் சீட்டு, வங்கி அறிக்கை, வருமான வரிக் கணக்கு, அலுவலக விடுப்புக் கடிதம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவையும் வேண்டும். பெற்றோரில் ஒருவர் மட்டும் பிள்ளைகளோடு வந்தால் மற்றவரின் சம்மதக் கடிதம் தேவை. விமானத்துக்கு முன்பதிவுச் சான்று போதும். பணம் திரும்பாத டிக்கெட்டை விசா கையில் வருமுன் வாங்காதீர்கள்.

இனி நண்பர் தர வேண்டியது. இதில் இரண்டு வழி உண்டு. ஒன்று சாதாரண அழைப்புக் கடிதம். இன்னார் என் நண்பர், இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை என் வீட்டில் தங்குவார் என்று எழுதிக் கையெழுத்திட்டு, தன் பாஸ்போர்ட், குடியிருப்பு அனுமதி நகல்களை இணைத்துத் தருவது. இன்னொன்று முறையான பொறுப்பேற்பு ஆவணம். நண்பர் தன் ஊரின் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய், வருமானத்தைக் காட்டி, 29 யூரோ கட்டி வாங்க வேண்டும். விருந்தினரால் அரசுக்கு வரும் செலவை, மருத்துவச் செலவு உட்பட, தானே ஏற்பதாகச் சட்டப்படி ஒப்புக்கொள்ளும் தாள் அது.

இரண்டாவதைத்தான் வாங்க வேண்டும் என்று சில ஏஜென்டுகள் சொல்வார்கள். உங்களுக்கு நிலையான வருமானமும் வங்கியில் போதிய பணமும் இருந்தால் அதைக் கேட்டு நண்பரைச் சங்கடப்படுத்தாதீர்கள். அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே சில நகரங்களில் வாரக்கணக்கில் ஆகிறது. கூடவே நான்கு பேருக்கான கடன்பொறுப்பைத் தலையில் ஏற்றுவதும் சின்ன உதவி அல்ல. சொந்த வருமானம் இல்லாத பெற்றோரை மகனோ மகளோ அழைக்கும்போது அது பொருத்தம்.

பாரிஸ், சூரிக் என்று நீட்ட ஆசையிருந்தால் இதே விசா போதும். ஆனால் அதிக நாள் தங்கும் நாடு ஜெர்மனியாக இருக்க வேண்டும், ஏனென்றால் விண்ணப்பம் அங்கேதான் கொடுத்திருக்கிறீர்கள்.

3. வந்து இறங்குவது

சென்னையிலிருந்து ஃபிராங்ஃபர்ட்டுக்கு லுஃப்தான்சா நேரடியாகப் பறக்கிறது. வளைகுடா வழியாக வந்தால் விலை குறையலாம், ஆனால் ஐந்து வயதுக் குழந்தையை நள்ளிரவில் துபாயிலோ தோஹாவிலோ எழுப்பி நடக்கவைக்கும் சிரமத்தையும் விலையில் சேர்த்துப் பாருங்கள்.

2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் புதிய பதிவு முறை படிப்படியாக வந்திருக்கிறது. முத்திரை குத்துவதற்குப் பதிலாக முகப்படமும் கைரேகையும் எடுத்துக் கணினியில் ஏற்றுகிறார்கள். முதல்முறை வருவோருக்கு வரிசை நகர நேரமாகும். அதனால் விமானம் இறங்கிய ஒரு மணி நேரத்தில் ரயில் என்று டிக்கெட் போடாதீர்கள். ஃபிராங்ஃபர்ட் விமான நிலையத்திலேயே நெடுந்தூர ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து ஸ்டுட்கார்ட்டுக்கு ஐ.சி.இ. எனும் விரைவு ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். குறைந்த விலை டிக்கெட் அந்த ஒரு ரயிலுக்கு மட்டும்தான் செல்லும், தவறவிட்டால் போச்சு. வரும் நாளுக்கு மட்டும் எந்த ரயிலிலும் ஏறக்கூடிய டிக்கெட்டை, சற்று அதிகமானாலும், வாங்குங்கள்.

நண்பர் காரில் அழைத்துப்போக வருவதாகச் சொன்னால் ஒன்று கேளுங்கள்: குழந்தை இருக்கை இருக்கிறதா? 12 வயது நிறையாத, 150 சென்டிமீட்டருக்குக் குறைவான பிள்ளைகளுக்குக் காரில் தனி இருக்கை கட்டாயம். மடியில் வைத்துக்கொள்வது, ஐந்து பேர் காரில் ஆறாவது ஆளை நெருக்கிக்கொள்வது எதுவும் இங்கே நடக்காது. நண்பரையும் சேர்த்தால் பெட்டிகளோடு ஐந்து பேர். சின்னக் காரில் அது கொள்ளாது. ரயில்தான் நிம்மதி.

4. பெட்டி

நண்பர் வீட்டுக்கு என்ன கொண்டுவருவது என்பதில்தான் எல்லோரும் அதிகம் யோசிக்கிறார்கள். தவறு நடப்பதும் அங்கேதான். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணிகள் பால் பொருட்களையும் இறைச்சிப் பொருட்களையும் கொண்டுவரக் கூடாது. நெய், பால்கோவா, பன்னீர், கருவாட்டுப் பொட்டலத்தோடு சேர்த்துக் கட்டிய உப்புக்கண்டம் எல்லாம் இதில் விழும் (கருவாட்டுக்கு விதி வேறு, அதை அனுமதிக்கிறார்கள், ஆனால் பெட்டியின் மற்ற துணிகளை நினைத்துப் பாருங்கள்). ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா இரண்டு கிலோ குப்பைத்தொட்டிக்குப் போவதைப் பார்க்க மனம் வராது. கைக்குழந்தைக்கான பால்பவுடர் இரண்டு கிலோ வரை கொண்டுவரலாம்.

கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் கூடாது. பச்சை இலை, காய், பழங்களுக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். விலக்கு பெற்றவை தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, டூரியன், பேரீச்சை ஆகிய ஐந்து மட்டும். மாம்பழம் இதில் இல்லை என்பது மே மாதத்தில் வரும் சோகம்.

இட்லிப் பொடி, சாம்பார் பொடி, அப்பளம், வடகம், எண்ணெயில் பொரித்த முறுக்கு, எள்ளுருண்டை, கடலைமிட்டாய், புளி ஆகியவற்றைத் தாராளமாகக் கொண்டுவாருங்கள். அரிசி, பருப்பு வேண்டாம். ஸ்டுட்கார்ட், ஃபிராங்ஃபர்ட், டோர்ட்முண்ட் போன்ற நகரங்களில் ஈழத்தமிழர் நடத்தும் கடைகள் இருக்கின்றன. பொன்னி அரிசியும் உளுந்தும் அங்கே கிடைக்கும். எதைக் கட்டுமுன்னும் நண்பரிடம் பட்டியல் கேளுங்கள். எங்கள் வீட்டு அலமாரியில் விருந்தினர் கொண்டுவந்த மூன்று ஊறுகாய் ஜாடிகள் இன்னும் திறக்காமல் இருக்கின்றன, ஆனால் பிள்ளைக்குத் தமிழ்ப் படக்கதைப் புத்தகம் கொண்டுவந்தவர் ஒருவர்தான்.

பரிசுப் பொருட்களுக்கு வரியில்லா வரம்பு விமானப் பயணிக்கு 430 யூரோ, 15 வயதுக்குக் கீழே 175. 10,000 யூரோவும் அதற்கு மேலும் ரொக்கம் என்றால் அறிவிக்க வேண்டும்.

மற்றவை சுருக்கமாக: உருண்டை முனை இரண்டு உள்ள ஐரோப்பிய பிளக்குக்கு ஒரு அடாப்டர். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள், மருத்துவர் சீட்டோடு. காய்ச்சல், வாந்திக்குக் குழந்தை மருந்து. வீட்டுக்குள் போட மெல்லிய செருப்பு. கழிவறையில் தண்ணீர்க் குழாய் இருக்காது என்பதால் பிதுக்கி ஊற்றும் பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று. வெட்கப்படாமல் கைப்பையிலேயே வையுங்கள்.

5. வீட்டில்

இதை யாரும் எழுதுவதில்லை என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

குளியலறைத் தரையில் பெரும்பாலும் தண்ணீர் போக வழி இருக்காது. தொட்டிக்கோ கண்ணாடித் தடுப்புக்கோ உள்ளேயே குளித்து முடிக்க வேண்டும். நம் ஊர் வழக்கப்படி தண்ணீரை வாரி இறைத்தால் அது கீழ்வீட்டுக் கூரையில் தெரியும்.

வாசல் கதவு இழுத்துச் சாத்தியதும் பூட்டிக்கொள்ளும், வெளியிலிருந்து சாவி இல்லாமல் திறக்காது. குப்பை போடப் போய்ப் படிக்கட்டில் நின்றவர்கள் பலர். ஞாயிற்றுக்கிழமை பூட்டுத் திறப்பவரை அழைத்தால் நூறு யூரோக்கள் எளிதாகப் பறக்கும். சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாலும் தவறில்லை.

இரவு பத்து மணி முதல் காலை ஆறு வரை அமைதி நேரம். ஞாயிறு முழுநாளும் அப்படித்தான். துளையிடுவது, பழைய வீடுகளில் வாஷிங் மெஷின் ஓட்டுவது எல்லாம் அன்று கூடாது. பிள்ளைகள் மரத்தரையில் ஓடினால் கீழே இடிபோலக் கேட்கும். ஜெட்லாக்கில் அதிகாலை மூன்று மணிக்கு விழித்து உட்காரும் பிள்ளைகளுக்குச் சத்தமில்லாத விளையாட்டு ஒன்றை முன்கூட்டியே தயாராக வைத்திருங்கள். உங்கள் நண்பர் அந்தக் கட்டடத்தில்தான் தொடர்ந்து வாழ வேண்டும்.

அடுப்பு கண்ணாடித் தளம் போட்ட மின்சார அடுப்பாகவோ இண்டக்ஷனாகவோ இருக்கும். தாளிப்புப் புகைக்கு ஜன்னலை அகலத் திறந்துவிடுங்கள். குப்பை பல வகையாகப் பிரியும்: காய்கறிக் கழிவு, காகிதம், பிளாஸ்டிக் உறை, மீதி. கண்ணாடி பாட்டில்கள் தெருமுனைத் தொட்டிக்கு, நிறம் பார்த்து, ஞாயிறு தவிர்த்து. தண்ணீர் பாட்டிலையும் குளிர்பானத் தகரத்தையும் வீசாதீர்கள். ஒவ்வொன்றிலும் 25 சென்ட் வரை முன்பணம் இருக்கிறது, கடை வாசல் எந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும். பிள்ளைகளுக்கு இந்த வேலையைக் கொடுங்கள், விட்டுவிடவே மாட்டார்கள். வீட்டுக் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம்.

ஸ்டுட்கார்ட்டைச் சுற்றியுள்ள சுவாபியப் பகுதிக்கே உரிய ஒரு வழக்கம், முறைவைத்துப் படிக்கட்டு பெருக்குவது. நண்பரின் கதவில் ஒரு அட்டை தொங்கினால் அந்த வாரம் அவர்கள் முறை. துடைப்பத்தைக் கையில் எடுத்தால் உங்கள் மதிப்பு கூடும்.

ஞாயிறு அன்று கடைகள் அடைப்பு. ரயில் நிலையக் கடைகளும், சில மணி நேரம் ரொட்டிக் கடைகளும் திறந்திருக்கும். சனிக்கிழமை கடைக்குப் போகும்போது கூடவே போய், வாரச் சாமானுக்கான பணத்தை நீங்கள் கொடுங்கள். “அதெல்லாம் எதுக்குடா” என்று மறுப்பார்கள். கார்டை முதலில் நீட்டுபவர் நீங்களாக இருங்கள்.

6. ரயிலும் பஸ்ஸும்

மாதம் முழுதும் நாடெங்கும் உள்ளூர் ரயில், பஸ், டிராம், சுரங்க ரயில் எல்லாவற்றிலும் செல்லும் ‘டாய்ச்லாண்ட் டிக்கெட்’ 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்தது. 2026 ஜனவரியிலிருந்து 63 யூரோ. ஐ.சி.இ., ஐ.சி. போன்ற விரைவு ரயில்களில் செல்லாது. இது மாதச் சந்தா என்பதை மறக்காதீர்கள். அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதமும் பணம் போகும். ஆறு வயது நிறையாத பிள்ளைக்கு டிக்கெட் தேவையில்லை.

ஒரே மாதத்துக்குள் இரண்டு வாரம் தங்கி தினமும் சுற்றுபவருக்கு அது சரி. மூன்று நாள் மட்டும் வெளியே போவதாக இருந்தால் மாநில ஒருநாள் டிக்கெட் போதும். ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட்டில் போகலாம், வார நாட்களில் காலை ஒன்பது மணிக்கு மேல்தான் செல்லும். நம் பிள்ளைகளை எழுப்பிக் கிளப்பினால் எப்படியும் ஒன்பது ஆகிவிடும்.

விரைவு ரயிலில் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகள் பெற்றோரோடு இலவசம், ஆனால் டிக்கெட் எடுக்கும்போதே எண்ணிக்கையைச் சேர்க்க வேண்டும். இருக்கை முன்பதிவு தனி, அதையும் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஆளுக்கொரு பெட்டியில் நிற்க வேண்டிவரும். ஜெர்மன் ரயில் நேரம் தவறாது என்ற பேச்சு பழைய கதை. ஸ்டுட்கார்ட் தலைமை நிலையத்தில் 2010இல் தொடங்கிய கட்டுமானம் முடியும் தேதியே தள்ளிப்போய்க்கொண்டிருக்கிறது. சேருமிடத்துக்கு ஒரு மணி நேரம் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதமும், இரண்டு மணி நேரமானால் பாதியும் திரும்பக் கேட்கலாம்.

டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் 60 யூரோ. சாதாரண உடையில்தான் பரிசோதகர் வருவார், “சுற்றுலா வந்தவன், தெரியாது” என்பது எடுபடாது. நிலையக் கழிவறைக்கு ஒரு யூரோ வரை கேட்பார்கள், சில்லறை வைத்திருங்கள். சிவப்பு நிறச் சைக்கிள் பாதையில் நின்று புகைப்படம் எடுக்காதீர்கள். மணியடித்து வருபவர் நிற்பார் என்பது நிச்சயமில்லை.

7. எங்கே போவது

பெர்லின், மியூனிக், நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை, கொலோன் தேவாலயம் என்று பத்து நாளில் நாட்டைச் சுற்றிவந்தவர்களுக்கு நினைவிருப்பது ரயில் ஜன்னல்தான். நண்பர் ஊரை மையமாக வைத்து நாள் பயணமாகப் போய்த் திரும்புங்கள். கோட்டை வேண்டுமென்றால் நுழைவுச் சீட்டை வாரங்களுக்கு முன்பே ஆன்லைனில் வாங்குங்கள்.

எங்கள் பக்கம் வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது சின்ஸ்ஹைம் தொழில்நுட்ப அருங்காட்சியகம். கூரைமேல் கான்கார்ட் விமானமும் சோவியத் நாட்டின் து-144 விமானமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், இரண்டுக்குள்ளும் ஏறி நடக்கலாம். வாசலிலேயே ரயில் நிற்கும். அடுத்து உல்ம் நகரத் தேவாலயம். 161.5 மீட்டர் கோபுரம், ஏற 768 படி. அதே நாளில் பக்கத்து ஊரான ப்ளாவ்பொய்ரனில் நீலமும் பச்சையுமாகப் பொங்கும் ஊற்றையும், அங்குள்ள அருங்காட்சியகத்தில் 40,000 ஆண்டுப் பழமையான மாமூத் தந்தப் பெண் சிற்பத்தையும் பார்க்கலாம். மழை பெய்தால் மெர்சிடிஸ் பென்ஸ் அருங்காட்சியகம். வெயில் அடித்தால் வில்ஹெல்மா விலங்குத் தோட்டம், இல்லாவிட்டால் கருங்காட்டில் (பிளாக் ஃபாரஸ்ட்) ட்ரிபெர்க் அருவி. குற்றாலத்தைப் பார்த்தவர்கள் அருவியில் ஏமாறலாம், குளிக்கவும் விடமாட்டார்கள், ஆனால் காட்டு நடை அழகு.

உங்கள் நண்பர் மேற்குப் பகுதியில் இருந்தால் ஹாம் நகரின் ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயிலுக்குப் போய்வாருங்கள். ஈழத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள் வளர்த்தெடுத்து 2002இல் குடமுழுக்கு கண்ட கோயில். தொழிற்பேட்டைக் கட்டடங்களுக்கு நடுவே 17 மீட்டர் ராஜகோபுரம் எழுந்து நிற்கும். மே, ஜூனில் தேர்த்திருவிழா வரும்போது ஐரோப்பா முழுவதிலிருந்தும் தமிழர்கள் கூடுகிறார்கள். அந்த ஒரு நாள் வேட்டியும் புடவையும் பெட்டியில் இருந்ததற்குப் பயன்படும்.

வெளியே சாப்பாடு: சைவர்களுக்கு ரொட்டிக் கடை, ஃபலாஃபல், பீட்சா எங்கும் கிடைக்கும். பிள்ளைகள் கேட்கும் ஜெல்லி மிட்டாயில் பெரும்பாலும் பன்றி ஜெலட்டின் இருக்கும், உறையைப் பாருங்கள். சில சின்னக் கடைகள் நம் விசா, மாஸ்டர் கார்டை வாங்காது, ரொக்கம் கொஞ்சம் வைத்திருங்கள். உணவகத்தில் தண்ணீருக்கும் பணம்.

8. உடம்பு சரியில்லை என்றால்

ஆம்புலன்ஸ், தீயணைப்பு 112. காவல் 110. அவசரம் இல்லை, ஆனால் மருத்துவர் வேண்டும் என்றால் 116117. ஆன்டிபயாட்டிக் சீட்டு இல்லாமல் எந்த மருந்தகத்திலும் தரமாட்டார்கள். சாதாரணக் காய்ச்சலுக்குத் தேநீரும் ஓய்வும் என்று அனுப்பிவைக்கும் மருத்துவரைக் கண்டு கோபப்பட வேண்டாம், இங்கே அது வழக்கம். பில்லை நீங்கள் கட்டிவிட்டுக் காப்பீட்டில் பிறகு கேட்க வேண்டியிருக்கும். பாலிசி எண்ணை நண்பருக்கும் அனுப்பிவையுங்கள்.

9. திரும்பும் நாள்

முந்தின இரவே படுக்கை உறைகளைக் கழற்றி வைத்துவிட்டு, சாவியைக் கொடுத்துவிடுங்கள். ஒரே பில்லில் 50 யூரோவுக்கு மேல் வாங்கிய பொருட்களுக்கு மதிப்புக் கூட்டு வரியில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். அதற்கு வாங்கும்போதே கடையில் படிவம் கேட்டிருக்க வேண்டும். பொருள் பயன்படுத்தப்படாமல் இருக்க வேண்டும். விமான நிலையத்தில் பெட்டியைக் கொடுக்கும் முன் சுங்க அதிகாரியிடம் பொருளையும் பில்லையும் பாஸ்போர்ட்டையும் காட்டி முத்திரை வாங்க வேண்டும். அந்தப் பொருட்களைப் பெட்டியின் மேல்தட்டில் வையுங்கள். ஃபிராங்ஃபர்ட்டில் வரிசை நீளமாக இருக்கும், வழக்கமான நேரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள்.